துருப்பிடித்த டேங்க்: ஃபில்டர் போட்ட பிறகு பழைய புல்லட் ஓட்டத்தில் நிற்கிறது

கேள்வி – மண்டபம்

வணக்கம். என்னிடம் இருப்பது 1980களில் வந்த 350 சிசி புல்லட்; மிக்கார்ப் கார்புரேட்டர். டேங்கின் உட்புறம் துருப்பிடித்து, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட் அடிக்கடி அடைத்துக்கொண்டதால், டேங்கின் அடியிலுள்ள பெட்ரோல் டேப்புக்குக் கீழே காருக்கு விற்கும் காகித ஃபில்டர் ஒன்றைப் போட்டேன். அடைப்பு குறைந்தது. ஆனால் உச்சிப்புளியை நோக்கி வேகமெடுத்துச் செல்லும்போது எஞ்சின் திணறி நின்றுவிடுகிறது. சற்று நேரம் கழித்து உதைத்தால் உடனே கிளம்புகிறது. இன்னும் நுண்ணிய ஃபில்டர் தேவையா?

மறுமொழி – ராமநாதபுரம்

வேண்டாம் தம்பி. கார் ஃபில்டர் பம்ப்பின் அழுத்தத்தை நம்பிச் செய்யப்பட்டது. புல்லட்டிலோ டேங்கிலிருந்து கார்புரேட்டரின் அடிக் கிண்ணமான ஃப்ளோட் பவுலுக்குப் பெட்ரோல் தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. மெதுவாக ஓட்டும்போது அது போதும். வேகத்தில் எஞ்சின் குடிக்கும் அளவுக்கு வந்து சேராததால் பவுல் வற்றி வண்டி நிற்கிறது, நிறுத்தியதும் மெல்ல நிரம்புகிறது. டியூபைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டு, எஞ்சின் ஆறியிருக்கும்போது டேப்பைத் திறந்து பாருங்கள். போகப்போக ஒழுக்கு மெலிந்து, டேங்க் மூடியைத் திறந்ததும் வேகம் கூடினால், மூடியின் காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது. கூடாவிட்டால் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் மெலிந்தே வந்தால் டேப்பின் உள்சல்லடையைச் சந்தேகிக்க வேண்டும்.

மறுமொழி – தங்கச்சிமடம்

நான் படகு எஞ்சின் வேலை பார்ப்பவன். நம் கரையில் துருவைவிடத் தண்ணீரைத்தான் முதலில் தேட வேண்டும். பாதி காலியான டேங்க் இரவில் குளிரும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். இப்போதைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் அந்த ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனிப் படலமாக அடியில் தங்கிவிடும். தகடு அரிப்பது அங்கேதான். பிடித்த பெட்ரோலைச் சிறிது நேரம் அசையாமல் வைத்துப் பாட்டிலின் அடியைக் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மூடியைத் திறந்தும் மாற்றமில்லை. ஃபில்டரைக் கழற்றியதும் ஒழுக்கு தடித்து வந்தது. பாட்டிலின் அடியில் செம்பொடி படிந்து, அதன்மேல் தண்ணீர் முத்துகள் உருள்கின்றன. டேங்குக்கு உட்பூச்சு அடித்துவிடலாமா?

மறுமொழி – ராமநாதபுரம்

துருவின்மேல் அடிக்கும் பூச்சு பிற்பாடு உரிந்து, அந்தச் செதில்களே டேப்பை அடைக்கும். ஆகவே முதலில் துருவை நீக்குங்கள். டேங்கை இறக்கி, டேப்பைக் கழற்றித் துளையை அடைத்து, பெட்ரோல் வாடை போகும்வரை சோப்புத் தண்ணீரால் அலசுங்கள். அருகில் நெருப்பு கூடாது. பிறகு லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரை விளிம்புவரை நிரப்பி ஓர் இரவு விட்டு, பெயிண்டில் படாமல் கொட்டிவிடுங்கள். சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசியதும் தாமதிக்காமல் உலர்த்தி, டூ ஸ்ட்ரோக் ஆயிலைச் சிறிது ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள். ஈரத்தோடு விட்டால் புதிதாகத் துலங்கிய இரும்பு மறுபடியும் சிவந்துவிடும். தகட்டில் ஓட்டை இல்லையென்றால் பூச்சே தேவைப்படாது.

அதன் பிறகு, அழுத்தமின்றிப் பெட்ரோல் இறங்கும் வண்டிகளுக்கான நைலான் வலை ஃபில்டரை, அம்புக்குறி கார்புரேட்டரைப் பார்க்கும்படி, சிலிண்டர் சூட்டிலிருந்து விலக்கிப் போடுங்கள். டியூப் எங்கும் மேலேறி வளையாமல் சரிவாக இறங்க வேண்டும். வளைவில் சிக்கும் காற்றுக்குமிழும் ஒழுக்கைத் தடுக்கும். ஓட்டாமல் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி வையுங்கள்.