போர்ட்டோபெலோ: பனாமா நகரிலிருந்து ஒரே நாளில் முடியுமா?

கேள்வி: பனாமாவின் கரீபியன் கரையிலுள்ள போர்ட்டோபெலோ ஊருக்கு அக்டோபர் மூன்றாம் வாரம் போகிறோம், கார் இல்லை. பஸ்ஸில் போய்க் கோட்டைகளைப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பலாமா?

பதில் 1: தாராளமாக. பனாமா நகரின் அல்புரூக் பஸ் நிலையத்தில் கொலோன் நகருக்கான பஸ் ஏறுங்கள், ஆனால் கொலோன் வரை போகாமல் சபானித்தாஸில் இறங்கி போர்ட்டோபெலோ பஸ்ஸுக்கு மாறுங்கள். கொலோன் போனால் வந்த வழியே திரும்பி வர வேண்டியதுதான். சில்லறை டாலர் அவசியம். கடைசி பஸ் எப்போது என்று இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள்.

பதில் 2: தேதியைப் பாருங்க! அக்டோபர் 21 போர்ட்டோபெலோ தேவாலயத்தின் கறுப்பு கிறிஸ்து சிலைக்கான திருவிழா. பக்தர்கள் சாலையோரமாக நடந்தே வருவார்கள், போக்குவரத்து திணறும். கோட்டைதான் நோக்கமென்றால் அந்த வாரம் வேண்டாம். மழைக்காலமும்கூட.

பதில் 3: கோட்டைகளில் சான் ஹெரோனிமோ ஊருக்குள்ளேயே, சுங்க மாளிகைக்கு அருகில். சந்தியாகோ ஊர் நுழைவில். சான் பெர்னாண்டோ விரிகுடாவின் எதிர்க்கரை. படகுக்காரரிடம் ஏறும் முன்பே, திரும்புவதற்கும் சேர்த்துப் பேசுங்கள். இப்போது நிற்பவை பெரும்பாலும் 1739-இல் ஆங்கிலேயத் தளபதி வெர்னான் பழைய கோட்டைகளைத் தகர்த்தபின் எழுந்தவை. மழையில் கல் பாசி வழுக்கும், செருப்பு வேண்டாம்.