ஒருத்தன் எறிந்த ஜல்லிக்கு டீமுக்கே இரண்டு வருஷத் தடை. நியாயமா?

லைன்வீட்டு மேனேஜர் (கோத்தகிரி பக்கம்)

எங்கள் எஸ்டேட் லைன் (தொழிலாளர் குடியிருப்பு) ஃபுட்பால் டீமுக்குப் பதினொரு வருஷமாக நான்தான் மேனேஜர். பெரிய பதவி ஒன்றுமில்லை. ஜெர்சியை மூட்டை கட்டுவது, ஜீப் வாடகைக்கு வீடு வீடாக வசூல் பண்ணுவது, பந்துக்குக் காற்றடிப்பது, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு டோர்னமென்டில் செமிஃபைனல். நாலு மணிக்கே மேகம் இறங்கிவிட்டது. கடைசி இருபது நிமிஷம் இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கக் கோல் போஸ்ட் தெரியவில்லை. அந்த நேரத்தில் எங்கள் லெஃப்ட் விங் பையன் ஒரு கோல் போட்டான். கோட்டோரம் நிற்கும் நடுவர், லைன்ஸ்மேன், கொடியைத் தூக்கிவிட்டார். ஆஃப்சைடு, அதாவது பந்தை உதைக்கும்போதே பையன் எதிராளிகளைத் தாண்டி நின்றானாம், கோல் செல்லாது. தேயிலை மேட்டில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்களுக்குப் பையன் எங்கே நின்றான் என்றே தெரியாது. ஆனால் அது ஆஃப்சைடு இல்லை என்பது மட்டும் அத்தனை பேருக்கும் தெளிவாகத் தெரிந்தது!

முதலில் தண்ணீர் பாட்டில் வந்தது, அப்புறம் சோளக்கதிர்க் கட்டை. மேட்டடியில் வாய்க்கால் வேலைக்காக ஒன்றரை இன்ச் ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். அதில் ஒன்று பறந்து வந்து லைன்ஸ்மேன் காதுக்குப் பின்னால் பட்டது. மூன்று தையல். மேட்ச் நின்றது. அந்தக் களேபரத்தில் அவர் கொடியையும் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கமிட்டி எங்களுக்கு இரண்டு வருஷம் தடை போட்டிருக்கிறது. பதினைந்தாயிரம் அபராதம் தனி. ‘லைன் ஆட்கள் மொத்தமும் குடித்துவிட்டு வந்தார்கள்’ என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு மேட்டில் பாதிப் பேர் பெண்களும் ஸ்கூல் பிள்ளைகளும்தான்.

எறிந்தவன் ஒருத்தன், தண்டனை பதினெட்டுப் பையன்களுக்கு. லெஃப்ட் விங் பையனுக்குப் பதினேழு வயது. மாவட்ட டீமுக்கு ஆள் எடுப்பவர்கள் வந்து பார்ப்பதே இந்த மாதிரி டோர்னமென்டில்தான். அப்பீல் பண்ணலாம் என்றிருக்கிறேன். என்ன எழுதுவது?

கூடலூர் செவன்ஸ்

அண்ணா, இந்தக் கணக்கு உலகம் பூராவும் இப்படித்தான். ஐரோப்பாவில் ரசிகன் பண்ணுகிற கலாட்டாவுக்கு, கிளப் மேல் தப்பே இல்லையென்றாலும் கிளப்தான் பொறுப்பு. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏவின் விதியே அது.

1985இல் பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் ஸ்டேடியத்தில் இங்கிலாந்து கிளப்பான லிவர்பூலின் ரசிகர்கள் இத்தாலிய கிளப்பான யுவென்டஸின் ஆட்கள் மேல் பாய்ந்து, சுவர் இடிந்து 39 பேர் செத்தார்கள். இங்கிலாந்து கிளப்புகள் எதுவுமே ஐரோப்பியப் போட்டிகளில் ஆடக் கூடாது என்று தடை வந்தது, அது ஐந்து வருஷம் நீடித்தது. லிவர்பூலுக்கு மட்டும் ஆறு. இதில் நடுவில் மாட்டியது எவர்டன் என்ற இன்னொரு இங்கிலாந்து கிளப். அந்த சீசன் லீக் சாம்பியனே அவர்கள்தான். ஹெய்சலில் அவர்கள் ஆடவே இல்லை. 1987இலும் லீக் ஜெயித்தார்கள், அப்போதும் ஐரோப்பியக் கோப்பைக்குப் போக முடியவில்லை. உங்கள் லெஃப்ட் விங் பையன் கதைதான், சைஸ் மட்டும் பெரிசு.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். எங்கள் ஊர் செவன்ஸில் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால்) கலாட்டா நின்றதே டீமையே போட்டியை விட்டுத் தூக்க ஆரம்பித்த பிறகுதான். அதற்கு முன்னால் ‘யார் எறிந்தது’ என்று கேட்டால் ஊரே வானத்தைப் பார்க்கும்.

குன்னூர் கொடி

தம்பி, நான் இருபத்திரண்டு வருஷம் லைன்ஸ்மேனாக நின்றவன். இப்போது முட்டி போய்விட்டது. அந்தப் பக்கத்துச் சமாச்சாரத்தையும் கேளுங்கள்.

ரெஃப்ரி மைதானத்துக்கு நடுவில் நிற்கிறார், கூட்டம் தூரத்தில். லைன்ஸ்மேன் நிற்பது கோட்டில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கடைசி டிஃபென்டரோடு சேர்ந்து ஓட வேண்டும், திரும்பிப் பார்க்க முடியாது. பின்னால் நாலடியில் ஒருத்தர் என் அம்மாவைப் பற்றிப் பேசுவது கேட்கும். சத்தம் போடுகிறவரை பயமில்லை. சத்தம் திடீரென்று நின்றால்தான் கழுத்து கூசும், கையில் எதையோ எடுக்கிறான் என்று அர்த்தம். இதற்கு எனக்குக் கடைசியாகக் கொடுத்தது நானூறு ரூபாய், ஒரு டீ, ஒரு வர்க்கி.

காதுக்குப் பின்னால் பட்டது இரண்டு இஞ்ச் தள்ளிப் பட்டிருந்தால் நீங்கள் இங்கே அப்பீல் கேட்டிருக்க மாட்டீர்கள், ஜாமீன் கேட்டிருப்பீர்கள்.

இங்கிலாந்தில் இப்போது ஆளைத்தான் பிடிக்கிறார்கள். கோர்ட் தடை உத்தரவு போடும், குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் பத்து. மைதானத்துப் பக்கமே வரக் கூடாது. வெளிநாட்டில் மேட்ச் என்றால் பாஸ்போர்ட்டை முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே கேமரா இருக்கிறது. கோத்தகிரி மேகத்தில் கேமராவா வைப்பீர்கள்? இங்கே ஊர் வாய்தான் கேமரா. அது திறக்கவில்லையென்றால் கமிட்டி வேறு யாரைத் தண்டிக்கும்?

ஆகவே ஒரே கேள்வி. எறிந்தது யார் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

ஏரிச்சாலை டீச்சர் (கொடைக்கானல்)

அப்பீலில் அந்தக் ‘குடித்துவிட்டு’ வரியை விடாதீர்கள். 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி 97 லிவர்பூல் ரசிகர்கள் செத்தார்கள். குடிகார ரசிகர்கள்தான் காரணம் என்று போலீஸ் கதை கட்டியது. ரசிகர்கள் மேல் தப்பில்லை, அது சட்டவிரோத மரணம் என்று விசாரணை ஜூரி சொன்னது 2016இல். 27 வருஷம். உங்கள் விஷயம் அந்த அளவு இல்லைதான், ஆனாலும் லைன் வீட்டு ஆட்கள் என்றாலே குடி என்று எழுத ஒரு கை தயாராக இருக்கிறதே.

தண்டனைக்கு வேறு வழியும் உண்டு. 2011இல் துருக்கியில் ஃபெனர்பாச்சே கிளப்பின் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து ரகளை பண்ணினார்கள். வழக்கமாக இதற்குக் காலி மைதானத்தில் மேட்ச் நடத்துவார்கள். அந்த முறை பெண்களும் 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளும் மட்டும் வரலாம், அதுவும் இலவசம் என்று மாற்றினார்கள். நாற்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். ஆண்களுக்குத்தான் தடை, ஆட்டத்துக்கு இல்லை. உங்கள் மேட்டில் பெண்கள்தான் பாதி என்கிறீர்கள், அதையே கமிட்டியிடம் கேட்டுப் பாருங்களேன்.

லைன்வீட்டு மேனேஜர்

பதில் போட நாலு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

குன்னூர் அண்ணன் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். தெரியும். என் அக்கா மகன். நான் பக்கத்திலேயே நின்றேன், அவன் குனிந்ததையும் பார்த்தேன். பன்னிரண்டு பேர் கொண்ட கமிட்டி ‘யார்’ என்று கேட்டபோது நானும் வானத்தைத்தான் பார்த்தேன். இங்கே கேள்வி எழுதும்போதும் ‘ஒருத்தன்’ என்றுதான் எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

அக்காவிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ‘மாமனே காட்டிக் கொடுப்பியா’ என்று ஒரே கேள்விதான். பையன்தான் மூன்றாம் நாள் தானாக வந்து, ‘மாமா, போகலாம்’ என்றான். லெஃப்ட் விங் பையனும் அவனும் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள். அவன் என்ன சொன்னானோ, எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை லைன்ஸ்மேன் வீட்டுக்குப் போனோம். தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்திருந்தார். தையல் பிரித்தாயிற்று, அந்த இடத்தில் மட்டும் முடி இல்லை. பையன் காலில் விழப் போனான், வேண்டாம் என்று தள்ளி நின்றுகொண்டார். ‘கேஸ் எல்லாம் வேண்டாம். ஆனால் கமிட்டியில் கேட்டால் பெயரைச் சொல்வேன், சரியா?’ என்றார். பையன் சரி என்றான். அப்புறம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ‘என் கொடி எங்கேப்பா?’

சொந்தக் காசில் கோயம்புத்தூரில் வாங்கியதாம்.

லைனில் விசாரித்தேன். மூன்றாவது வீட்டுச் சின்னப் பையன் சைக்கிள் ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தான். துவைத்து வைத்திருக்கிறேன், கிரீஸ் கறை போகவில்லை. அபராதத்தில் பாதியைப் பையன் தன் கூலியிலிருந்து கட்டுகிறேன் என்கிறான், கட்டட்டும். புதன்கிழமை கமிட்டி. டீச்சர் சொன்ன பெண்கள் மட்டும் யோசனையையும் எழுதியிருக்கிறேன், குடி வரியை நீக்கச் சொல்லியும் எழுதியிருக்கிறேன். முதல் வரியில் பையன் பெயர் இருக்கிறது. இரண்டாவது வரியில், பார்த்தும் சொல்லாதவன் என்று என் பெயர்.

கிரீஸ் கறைக்கு என்ன போடுவது, யாருக்காவது தெரியுமா?