காது கேளாத மகனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

செண்பகம், சாட்ஸ்வொர்த்:
என் மகனுக்கு ஆறு வயது. பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. கருவி மாட்டினால் மேளச் சத்தமும் கதவு அறையும் சத்தமும் தெரிகின்றன, பேச்சு விளங்குவதில்லை. வரும் ஜனவரியில் முதலாம் வகுப்பு. வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளி, மற்றப் பிள்ளைகளுடன் சேர்த்தே படிக்க வைக்கலாம் என்கிறது. ஆனால் நாற்பது பிள்ளைகள் உள்ள அந்த வகுப்பில் சைகை மொழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை. காது கேளாதோர் பள்ளியோ தொலைவில் இருக்கிறது. சைகையைப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடும் என்று மாமியார் அஞ்சுகிறார். அனுபவப்பட்டவர்கள் வழிகாட்டுங்கள்.

கேசவன், பீனிக்ஸ்:
சகோதரி, என் மகள் நகரத்தில் ஒரு சாதாரணப் பள்ளியில் மூன்றாண்டு படித்தாள். தொந்தரவு தராத நல்ல பிள்ளை என்றுதான் ஒவ்வொரு முறையும் அறிக்கை வரும். ஒருநாள் அனுமதி கேட்டு வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பியபடியே விளக்கிக்கொண்டிருக்க, என் மகள் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து வரி விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அன்றிரவு அந்தப் பக்கத்தில் ஆற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தொட்டுக் காட்டி, இது என்ன என்று கேட்டேன், தெரியவில்லை. தினமும் உம்கேனி ஆற்றைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போய்வந்தோம். சைகையில் பாடம் நடத்தும் பள்ளிக்கு மாற்றிய பிறகு, ஒரு மாலை பாலத்தைக் கடக்கையில் அவளே ஆற்றைக் காட்டி, அதற்கான சைகையையும் செய்தாள். அந்த மூன்றாண்டுகளை அவளுக்கு எப்படித் திருப்பித் தருவது என்று இன்றும் வருந்துகிறேன்.

ஓர் ஆசிரியை, டர்பன்:
செண்பகம் அம்மா, சைகை பேச்சைக் கெடுக்காது. சிறு வயதில் ஏதேனும் ஒரு மொழி முழுமையாக வாய்க்காமல் போவதுதான் பின்னர் பேச்சு, எழுத்து, கணக்கு எல்லாவற்றையும் பின்னுக்கு இழுக்கிறது. உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்வான் என்று யாராவது சொன்னால், ‘படம்’, ‘மடம்’ என்று ஒலி எழுப்பாமல் சொல்லிக் காட்டுங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றுதான். சைகை மொழிக்கோ தனி இலக்கணம் உண்டு: ஆம், இல்லை என்று பதில் வேண்டும் கேள்வியில் புருவம் உயர்வதும் அந்த இலக்கணத்தின் பகுதியே.

நம் தென்னாப்பிரிக்காவில் சட்டம் குழந்தையின் பக்கம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டமே, அரசுப் பள்ளிகளில் கற்பதற்கு ஆட்சிமொழிக்குரிய தகுதியைச் சைகை மொழிக்கு அளித்தது. 2018இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் அது முதன்முறையாகத் தாய்மொழிப் பாடமாக இடம்பெற்றது. 2023 ஜூலையில் நாட்டின் 12ஆவது ஆட்சிமொழியாயிற்று. எல்லாக் குழந்தைகளையும் உள்ளடக்கும் கல்விக்கான 2001ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கையும், தேவையான ஆதரவு பள்ளியில் இருக்கவேண்டும் என்றுதான் சொல்கிறது. எனவே சேர்த்துக்கொள்வீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர் உண்டா, சைகையில் பேச வேறு பிள்ளைகள் உண்டா என்று கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால், அங்கே அவனுக்குக் கிடைப்பது ஓர் இருக்கை மட்டுமே. காது கேளாதோர் பள்ளியானாலும் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். அங்கும் எல்லா ஆசிரியர்களின் கையும் சரளமாக ஓடுவதில்லை.

முருகேசன், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
என் அண்ணன் காது கேளாதவர். அவர் படித்த பள்ளியில் வகுப்பில் கையசைத்தால் கைமேல் அடி விழும். இரவில் விடுதியில் மூத்த மாணவர்களிடம்தான் சைகை கற்றார். பள்ளி எதுவானாலும் வீட்டாரும் கற்றுக்கொள்ளுங்கள், அம்மா. எங்கள் தாயாருக்குச் சாப்பாடு, தூக்கம், பணம் என்று இருபது சைகைகூடத் தெரியாது. அவர் படுக்கையில் கிடந்தபோது வலி எங்கே, எப்படி என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். விடை சொல்ல அவருக்குக் கையில் மொழி இல்லை.

செண்பகம், சாட்ஸ்வொர்த்:
அனைவருக்கும் நன்றி. ‘படம்’, ‘மடம்’ இரண்டையும் ஒலியில்லாமல் மாமியாரிடம் சொல்லிக் காட்டினேன். மூன்று முறை பார்த்தும் அவரால் பிரித்தறிய முடியவில்லை. திங்கட்கிழமை காது கேளாதோர் பள்ளியைப் பார்க்கப் போகிறோம். அவரும் உடன் வருகிறார்.