சவானா பூனையை நேரில் பார்த்தவர்கள் உண்டா?

அமெரிக்காவில் ராலேயிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்து வீட்டம்மா வளர்ப்பது எஃப்2 சவானா, செர்வலும் வீட்டுப்பூனையும் கலந்த இனத்தில் இரண்டாம் தலைமுறை. அதாவது, தாத்தா அசல் செர்வல், ஆப்பிரிக்கப் புல்வெளியில் எலி பிடிக்கும் காட்டுப்பூனை. மார்பில் பட்டை மாட்டி, கயிற்றைப் பிடித்துத் தெருவில் நடத்திக்கொண்டு போவார். தூரத்தில் பார்த்தால் ஏதோ ஒல்லி நாய் என்றுதான் தோன்றும். கிட்டே வந்ததும் காதுதான் கண்ணில் படும். பின்பக்கம் கறுப்பு, அதன் நடுவே வெளிறிய திட்டு.

வீட்டுக்குப் போனால் ஃப்ரிட்ஜ் மேலிருந்து நம்மை எடைபோடும். ஓடிவந்து ஏறுவதெல்லாம் கிடையாது, நின்ற இடத்திலிருந்து ஒரே தாவல். தண்ணீர் என்றால் உயிர். குழாயைத் திறந்தால் முன்காலை நீட்டி அளைந்துகொண்டே இருக்கும். என்னைப் பார்த்துச் சீறியது பாருங்கள், குக்கர் விசில் தோற்றது! "பயப்படாதீர்கள், அதற்கு அதுவும் பேச்சுதான்" என்றார் அந்தம்மா.

விலையைக் கேட்டால் மயக்கம் வரும். காரணமும் இருக்கிறது. செர்வலின் சினைக்காலம் சுமார் 74 நாள், வீட்டுப்பூனைக்கு 65 நாள் அளவு. அதனால் முதல் கலப்பில் பிழைக்கும் குட்டிகள் குறைவு. முதல் சில தலைமுறை ஆண் பூனைகளால் குட்டி போட வைக்கவும் முடியாது. இத்தனைக்கும் முதல் குட்டி பிறந்தது 1986இல்தான், பென்சில்வேனியாவில், ஒரு சயாமியப் பூனைக்கு.

*

தான்சானியாவில் கொரொங்கோரோ போயிருந்தபோது நீங்கள் சொன்ன தாத்தாவின் ஜாதியான செர்வலையே பார்த்தேன். இடுப்பளவு புல்லில் தலையைச் சாய்த்து அசையாமல் நின்றது. கண் எங்கேயோ இருக்க, வேட்டை முழுக்கக் காதால்தான். திடீரென்று நாலு காலும் மேலே எழும்பி, முன்கால் இரண்டாலும் ஓங்கி ஒரு அடி. எலி அவுட். அதைப் பார்த்தவனுக்கு, அதன் பேரப்பிள்ளையை அபார்ட்மென்டில் அடைப்பது சரியாகப் படவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

*

நான் இருக்கும் மெல்போர்னில் சவானாவுக்கு ஆசையே படக்கூடாது. இங்குள்ள சிறு விலங்குகளை ஒழித்துவிடும் என்று 2008இலேயே இறக்குமதிக்குத் தடை போட்டுவிட்டார்கள். ஏற்கெனவே காட்டில் திரியும் சாதாரணப் பூனைகள் செய்கிற அழிவே போதும். என்னைக் கேட்டால் நல்ல முடிவு. அது சரி, ராலே நண்பரே, அந்தம்மா வெளியூர் போனால் பூனையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

*

அதைத்தான் கேட்காதீர்கள். பூனை விடுதியில் கலப்பினம் என்றதும் கையை விரித்துவிட்டார்களாம். டிசம்பரில் சாவியை என்னிடம் கொடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறேன் என்று நழுவி வந்திருக்கிறேன்.