ஹவுசி இரவில் பக்கப் பந்தயம் சேர்க்கலாமா?

உப்புவெளிப் பொடியன்:
சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு எங்கள் விளையாட்டுக் கழகம் வழமைபோல ஹவுசி இரவு வைக்கிறது (1 முதல் 90 வரை எண்களைக் கூப்பிடக் கூப்பிட, ரிக்கெட்டில் உள்ள 15 எண்ணை வெட்டிக்கொண்டு போகும் விளையாட்டு). கரப்பந்தாட்ட மைதானத்துக்கு விளக்குப் போடக் காசு சேர்க்கிறோம். ரிக்கெட் 100 ரூபா, ஏறத்தாழ 120 போகும். போன முறை நாற்பது எண் கூப்பிட்டதும், ரிக்கெட்டில் நாலைந்து மட்டும் வெட்டுப்பட்டவர்கள் எழும்பிக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள், ஃபுல் ஹவுஸ் (ஒருவரின் ரிக்கெட்டில் எல்லா எண்ணும் வெட்டுப்படுவது) விழும்போது பாதிக் கதிரை காலி. அவர்களை இருத்தி வைக்க மூன்று பக்கப் பந்தயம் (பெட்) யோசித்தேன்: முதல் எண் ஒற்றையா இரட்டையா (வென்றால் கட்டிய காசுக்கு இரண்டு மடங்கு), முதல் எண் ரிக்கெட்டின் எந்த நிரலுக்குரியது (எட்டு மடங்கு), ஃபுல் ஹவுஸ் 75 எண்ணுக்குள் வருமா வராதா (இரண்டு மடங்கு). சரிவருமா?

கணக்கு ரசிகன்:
தம்பி, மூன்றாவதை இப்படியே வைத்தால் கழகம் மொட்டை. ஒரேயொரு ரிக்கெட் என்றால் 15 எண்ணும் வெட்டுப்பட சராசரியாக 85 எண் கூப்பிட வேண்டும், அதை நினைத்துத்தான் 75 என்று போட்டிருப்பீர்கள். ஆனால் 120 பேரில் யாராவது ஒருவர் முடித்தால் போதுமே. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 66ஆவது எண்ணுக்குள் முடிய ஏறக்குறைய சரிபாதி வாய்ப்பு, 75க்குள் முடிவது 99 வீதத்துக்கும் மேல். ‘வரும்’ என்று கட்டுகிற அத்தனை பேருக்கும் நீங்கள் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டிவரும். ரிக்கெட் கூடக் குறைய விற்றால் இந்தச் சரிபாதிக் கோடும் நகரும், 200 போனால் 64.

நிரல் பெட்டிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. முதல் நிரலில் 1 முதல் 9 வரை ஒன்பது எண், கடைசியில் 80 முதல் 90 வரை பதினொன்று, மற்றவற்றில் பத்து. எல்லாவற்றுக்கும் எட்டு மடங்கு என்றால் 100 ரூபாவுக்கு முதல் நிரல்காரருக்குச் சராசரியாக 80 ரூபா திரும்பும், கடைசி நிரல்காரருக்குக் கிட்டத்தட்ட 98. இது விளங்கியவர் முதல் நிரலைத் தொடவே மாட்டார், விளங்காத பாவங்கள்தான் அதில் காசை விடும். ஒற்றை இரட்டை நேர்மையானது, 45க்கு 45.

சாம்பல்தீவான்:
நாங்கள் இதை நடத்தியிருக்கிறோம். வாய்ப்புச் சரியாக இருந்தாலும் சனம் ஒரே பக்கம் சாயும். ஒரு முறை முக்கால்வாசிப் பேர் ஒற்றையில் கட்டி, ஒற்றையே விழுந்து, பரிசுக்கு வைத்திருந்த காசிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். அதற்குப் பிறகு மடங்குக் கணக்கே இல்லை. எல்லாக் காசையும் ஒரே பெட்டியில் போட்டு, கழகத்துக்கு ஐந்தில் ஒன்று எடுத்து, மிச்சத்தை வென்றவர்களுக்குப் பிரிப்போம். 60 பேர் 50 ரூபா கட்டினால் 3000, கழகத்துக்கு 600, 24 பேர் சரியாகச் சொல்லியிருந்தால் ஆளுக்கு 100. கழகத்துக்கு நட்டமே வராது. முதல் எண்ணை எடுக்கும் முன் பெட்டியைப் பூட்டிவிடுங்கள், பிந்தி வந்தவரிடம் பாவம் பார்த்து வாங்கினால் அன்றிரவு முழுக்க வாய்த்தர்க்கம்தான்.

நிலாவெளி அக்கா:
தம்பிமாரே, காசு எதற்கு என்றுதான் கேட்கிறேன். பொதுமக்கள் வந்துபோகிற இடத்தில் பணம் வைத்துப் பந்தயம் கட்டுவது சட்டச் சிக்கலாகலாம், மைதானம் என்றால் கட்டாயம் முதலே விசாரியுங்கள். அதைவிட, அங்கே பிள்ளைகள் இருப்பார்கள். ரிக்கெட் வாங்கியாச்சு, அதோடு நிற்கட்டும். புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி ஒற்றையா இரட்டையா கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாங்கள், காசில்லாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஃபுல் ஹவுஸ் எத்தனையாவது எண்ணில் விழும் என்று ரிக்கெட்டின் பின்பக்கம் எழுதச் சொல்லுங்கள், கிட்டச் சொன்னவருக்கு ஒரு அரிசிப் பை கொடுங்கள். கடைசி எண் வரைக்கும் ஒருவரும் எழும்ப மாட்டார்கள்.

உப்புவெளிப் பொடியன்:
அக்கா சொன்னதையே செய்வோம். எனக்கு ஆட்கள் இருந்தால் போதும், விளக்குக் காசை ரிக்கெட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கணக்கு அண்ணா, 75ஐ அச்சுக்குக் கொடுக்க இருந்தேன், பெரிய உதவி. எண் எழுதுகிற பகுதியைக் கிழித்து எடுக்கிற மாதிரி அடிக்கச் சொல்லப்போகிறேன், முதல் எண் எடுக்கும் முன் பெட்டிக்குள் போட வசதியாக இருக்கும். இரண்டு பேர் ஒரே எண் எழுதினால் அரிசியைப் பங்கு போடுவதா, திருவுளச்சீட்டு எடுப்பதா?

சாம்பல்தீவான்:
பங்கு போடுங்கள்.