கிள்ளக் கிள்ள முதன்மை: 73939133க்கு ஒரு பெயர்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் ஓரத்திலிருந்து இலக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்தாலும் மிஞ்சுவது முதன்மை எண்ணாகவே இருக்கிற எண்ணுக்கு (truncatable prime), போன மடலில் 'துண்டிக்கத்தகு பகா எண்' என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். பொருள் சரிதான். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அதைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

எண்ணைப் பாருங்கள். 73939133. கடைசி இலக்கத்தை எடுத்தால் 7393913. அதுவும் முதன்மை எண். அப்புறம் 739391, 73939, 7393, 739, 73, 7. எல்லாமே முதன்மை. பத்தை அடியாகக் கொண்ட எண்முறையில் இப்படிப்பட்டவை மொத்தம் 83தான், அவற்றில் பெரியது இது. தலைப்பக்கமிருந்து குறைத்துக்கொண்டே வருகிற இனத்தில், பூச்சியம் கலக்காதவை 4260. அங்கே பெரியது 24 இலக்கம்: 357686312646216567629137.

(எங்கள் இலங்கைப் பாடநூலில் முதன்மை எண், தமிழகத்தில் பகா எண். அந்தப் பழைய சண்டை இன்று வேண்டாம். இரண்டிலும் ஒட்டுகிற முன்சொல்தான் தேவை.)

'வெட்டு' என்றால் தொடைப் (set) பாடத்து இடைவெட்டு (intersection) குறுக்கே வரும். 'கழி' என்றால் கழித்தல். 'தறி' நல்ல சொல், ஆனால் மரத்தைத் தறித்தால் மரம் போச்சு. இங்கே மிஞ்சுவதல்லவா முக்கியம். நான் சொல்வது 'கிள்ளு'. கணிதத்தில் வேறு பொருளில் நான் பார்த்திராத சொல். கடைக்கிள்ளு முதன்மை, தலைக்கிள்ளு முதன்மை. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு உரை தேவையில்லை.

அம்மாவிடம் சொன்னேன். முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். "கிள்ளுனா கொழுந்துதானே கூடைக்குப் போகுது? நீ மிச்சம் நிக்கிற செடியப் பத்தியில்ல பேசுற?" என்றார். நியாயமான அடி. கவ்வாத்து (தேயிலைச் செடியை உயரம் குறைத்து வெட்டுவது) என்று மாற்றலாமா என்றும் யோசித்தேன். ஆனால் கவ்வாத்து சில வருடத்துக்கு ஒரு தடவை, ஒரே வெட்டில் முடிகிற வேலை. நம் எண்ணில் ஒவ்வொரு இலக்கமாகப் போகிறது, கொழுந்துச் சுற்று மாதிரி. அதனால் கிள்ளுவிலேயே நிற்கிறேன்.

அம்மா விடவில்லை. "கிள்ளுன செடி திரும்பத் துளிர்க்கும். உன் எண்ணு துளிர்க்குமா?"

அங்கேதான் 73939133 நின்றுபோகிறது. வலப்பக்கம் இன்னோர் இலக்கம் வைத்துப் பாருங்கள். இரட்டை எண்ணும் 5உம் தொடக்கத்திலேயே விழுந்துவிடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 38. 1 வைத்தால் 39, 7 வைத்தால் 45, இரண்டும் மூன்றால் வகுபடும். 3உம் 9உம் அந்தச் சோதனையில் தப்பினாலும் வேறு காரணிகளிடம் மாட்டிக்கொள்கின்றன. இனித் துளிர் இல்லை. இப்படி நின்றுபோனவற்றைத் 'துளிரா முதன்மை' என்று சொன்னால் என்ன?

இரண்டு பக்கமும் கிள்ளத் தாங்குபவை 15 மட்டுமே, அவற்றில் பெரியது 739397. 'இருகிள்ளு' என்று எழுதிப் பார்த்தேன், காதுக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. யாராவது வேறு சொல் வைத்திருந்தால் போடுங்கள். அடுத்த தவணை வகுப்புப் பலகையில் எழுத வேண்டும்.