ரிமோட் பைலட்டுக்குத் தமிழ்ல என்ன போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம். எங்க பக்கம் மருந்தடிக்க ட்ரோன் ஓட்டுற பசங்களுக்காக 2021 ட்ரோன் விதிகளைத் தமிழ்ல சுருக்கி எழுதிட்டிருக்கேன், வார்த்தைலதான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்.

ட்ரோனை "ஆளில்லா விமானம்"னு பேப்பர்ல போடுறாங்கல்ல, அது எனக்கு ஒத்துவரல. விதிகளைப் படிச்சா பாதிக்கு மேல ஆளைப் பத்தித்தான், 18 வயசாச்சா, பத்தாவது பாஸா, ட்ரெய்னிங் முடிச்சானான்னு. வரப்புல தலையில துண்டு கட்டிக்கிட்டு கழுத்துல ரிமோட்டைத் தொங்கவிட்டு ஒருத்தன் வேர்க்க விறுவிறுக்க நிக்கிறான், அவனைப் போய் இல்லைங்கிறதா? ட்ரோன்னே விட்டுட்டேன்.

அடுத்தது ஓட்டுறவனுக்குக் கொடுக்குற லைசென்ஸ். 2022 பிப்ரவரி திருத்தத்துல அதை எடுத்துட்டு சர்டிபிகேட்னு மாத்திட்டாங்க, பயிற்சிப் பள்ளியே கொடுக்கும், 10 வருஷம் செல்லும். அதனால உரிமம் தப்பு, சான்றிதழ்தான். ட்ரோனுக்குக் கொடுக்குற நம்பருக்கு "தனித்துவ அடையாள எண்"ணுன்னா ஆதார்னு நெனச்சுக்குவாங்க, வண்டிக்கு இருக்குற மாதிரி பதிவெண் போதாதா? ஆளுக்கு ஒண்ணு, ட்ரோனுக்கு ஒண்ணுங்கிறதுலயே பாதி பேர் குழம்புறாங்க. கல்யாண போட்டோ எடுக்குற தம்பி ஒருத்தன் "என்னோடது 249 கிராம்ணே, எனக்கு எதுவுமே வேணாம்"னான். 250 கிராம் வரைக்கும் சான்றிதழ்தான் வேணாம், பதிவெண் வேணும்டான்னேன், மூஞ்சி சுருங்கிப்போச்சு. அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் பொழுதுபோக்குக்கு ஓட்டினா சான்றிதழ் கேக்க மாட்டாங்க, ஆனா கல்யாணத்துக்குக் காசு வாங்கிட்டு ஓட்டினா கேப்பாங்க.

சரி, ரிமோட் பைலட், அதான் ரிமோட்டை வெச்சு ட்ரோன் ஓட்டுறவன். ஐயா, முன்னாடி நீங்க "தொலைவலவன்"னு சொல்லியிருந்தீங்க, வலவன்னா பழைய தமிழ்ல ஓட்டுறவன். பசங்ககிட்ட சொல்லிப் பாத்தேன், "ட்ரோனைத் தொலைச்சவனாண்ணே?"ன்னு ஒரே சிரிப்பு. புறநானூறு 27ல வர்ற "வலவன் ஏவா வானவூர்தி"யை ட்ரோனுக்கு இழுக்குறவங்க நெறய பேரு, ஆனா இங்க வலவன் ஏவுறானே, கீழ நின்னு ஏவுறான், அவ்ளோதான். அதனால "தரைவலவர்". எப்படி இருக்கு?

>> தரைவலவர் காதுக்கு நல்லாத்தான் இருக்கு தம்பி. படகுல நின்னு ட்ரோன் ஓட்டுறவரை என்னன்னு சொல்லுவீங்க? பஸ்ல டிரைவர் சீட்டுக்கு மேல "ஓட்டுநர்"னு எழுதியிருக்கே, அதையே எடுத்து "ட்ரோன் ஓட்டுநர்"னு போட்டுட்டுப் போங்களேன்.

ஐயா, படகை யோசிக்கவே இல்ல. ஓட்டுநர்னே மாத்திட்டேன். தரைவலவரை விட மனசு வரல, தலைப்புல மட்டும் ஒரு தடவ வெச்சுக்கட்டுமா?